ஒற்று மிகும் இடம்

பகலில் மொன்ஃபால்கோனே நகரத்து நிலவறைகளில்
குனிந்து குனிந்து தண்ணீர் மீட்டர் படிக்கிறேன்.
செவ்வாய், வியாழன் இரவுகளில்
தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பறையில்
முழங்கால் மோவாயில் இடிக்கும் நாற்காலிகளில்
கப்பல் கட்டுகிறவர்களை உட்காரவைத்து
என் மொழியை எனக்கே புரியாதபடி விளக்குகிறேன்.

சம்பளம் இல்லை. சாக்பீஸ் நகராட்சி தருகிறது.

முதல் நாள் எழுந்து நின்றவன் ரெஸாவுல்,
வெல்டர், புருவத்தின் ஓரம் கருகியவன்.
வயதைச் சொன்னான்: முப்பத்து நான்கு ஆனி.
ஒரு 'ன்' விழுந்துவிட்டது.
ஆண்டுகள் போய்
முப்பத்து நான்கு ஆசனவாய்கள் வந்து நின்றன.
பெஸா சிரித்த சிரிப்பில் அவள் நாற்காலி சரிந்தது.
பலகையில் எழுதினேன்: ஆன்னி.
மெய்யை மிதி, என்றேன்.
படியில் ஒரு கணம் நிற்பதுபோல் நாக்கை நிறுத்து.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் மிதித்தான்.
காஸா என்றால் வீடு.
வாடகைக்கு காஸ்ஸா தேடுகிறேன் என்றான் –
அது பெட்டி, சில சமயம் சவப்பெட்டி.
முன்பணம் எவ்வளவு கேட்கிறார்கள், என்றாள் பெஸா.

கேள்விகள் ஓயவில்லை.
'ஓ'வில் முடிந்தும் கை ஏன் பெண்பால்?
ஒற்றை முட்டை ஆணாக இருந்துவிட்டு
இரண்டானதும் எப்படிப் பெண்ணாகிறது?
எங்கள் மேஸ்திரிக்கு இத்தனை பெரிய மீசை,
மரியாதை என்று வந்ததும்
அவரை ஏன் 'அவள்' என்று விளிக்கிறோம்?

எனக்குக் காப்பி பிடிக்கும் என்றால்
அதில் வேலை செய்வது நானா, காப்பியா?
காப்பிதான், என்றேன். நீ நான்காம் வேற்றுமையில்
சாய்ந்து உட்கார்ந்திரு.
இந்த ஊரில் எனக்காக ஒன்று வேலை செய்வது
இலக்கணத்தில் மட்டும்தான், என்றாள் வியோரிகா,
இரவுப் பணிக்கான கையுறைகளை மடித்தபடி.

போவது, வருவது, பிறப்பது, சாவது:
இவற்றுக்குத் துணைவினை 'இரு'.
தின்பது, வாங்குவது, கடன் அடைப்பது:
இவற்றுக்குக் 'கொள்'.
வாழ்வதற்கு?
இரண்டும் சரி, என்றேன்.
ஒருவரும் நம்பவில்லை.

பிறகு அந்த வியாழன்.
போரா காற்று ஜன்னல்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
முந்தைய வாரம்தான் இரண்டு கடந்தகாலங்களையும் முடித்திருந்தேன் –
முடிந்துபோனதற்கு ஒன்று,
நீண்டுகொண்டிருந்ததற்கு ஒன்று.
ரெஸாவுல் கையைத் தூக்கினான்.
என் தம்பி கடைசியாகப் பேசியது திரிப்போலியிலிருந்து.
அதற்கப்புறம் ஒரு வரி எழுதவில்லை.
இந்த எழுதாததை
எந்தக் காலத்தில் வைப்பது?

சாக்பீஸைக் கீழே வைத்தேன். திரும்ப எடுத்தேன்.
விதி எளிது, தேர்வில் கட்டாயம் வரும்:
எப்போதோ தொடங்கி இன்னும் முடியாதது எதுவோ
அதற்கு இறந்தகாலம் போடக்கூடாது.
நிகழ்காலம் போட்டு,
'தா' என்றொரு சிறு சொல் வைத்து,
எத்தனை ஆண்டு என்று சொன்னால் போதும்.

எழுதினான். அடித்தான். எழுதினான்.
எழுந்து நின்று வாசித்தான்:
மியோ ஃப்ரதெல்லோ நோன் ஸ்க்ரீவே தா த்ரே ஆன்னி.
என் தம்பி எழுதுவதில்லை, மூன்று ஆண்டுகளாக.
இரண்டு 'ன்'னும் இருந்தன.
அண்ணத்தில் ஒட்டிய நாக்கு
இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்றது,
இத்தாலியனான நானும் அவ்வளவு நேரம் நிறுத்தியதில்லை.

யாரும் சிரிக்கவில்லை.
'மியோ'வுக்கு முன்னால் 'இல்' வரவேண்டாமா,
என்றாள் வியோரிகா, மெதுவாக.
உறவுமுறை. ஒரே ஒருவன் என்றால் வேண்டாம், என்றேன்.
ஒருவன்தான், என்றான்.

மறுநாள் துறைமுகத் தெருவில் ஒரு வீடு,
ஆளில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.
டார்ச்சை அடித்துப் பார்த்தேன்.
மீட்டரின் சிவப்புச் சக்கரம், கடுகளவு,
நகர்வது தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது.
எங்கோ சொட்டுகிறது, அல்லது
யாரோ கைகழுவுகிறார்கள்.
'காலி' என்ற கட்டத்தை விட்டுவிட்டு
எண்ணை மட்டும் குறித்துக்கொண்டேன்.